அயல்நாடு அல்லாத அயல்நாடு: பிரிட்டனும் அயர்லாந்தும் பிரிந்த விதம்

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் பிறந்து வளர்ந்த ஒருவர் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வேலைக்குச் சேர விசா வாங்க வேண்டியதில்லை. அங்கே குடியேறி வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். விருப்பமிருந்தால் அந்தத் தேர்தலில் போட்டியிடவும் செய்யலாம். இத்தனைக்கும் அயர்லாந்து 1922இல் தனி அரசாகிவிட்டது, 1949இல் முழுக் குடியரசாகிவிட்டது. இன்று அது ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. பிரிட்டனோ அந்த ஒன்றியத்தை விட்டே வெளியேறிவிட்டது.

பிரெக்சிட் என்ற அந்த வெளியேற்றம் தொடங்கியதிலிருந்து 'வட அயர்லாந்து எல்லை', 'ஐரிஷ் கடல் எல்லை', 'வின்ட்சர் கட்டமைப்பு' என்று செய்திகள் வந்தபடி இருக்கின்றன. பெரும்பாலானவை வாசகருக்கு அடிப்படை தெரியும் என்ற நினைப்பிலேயே எழுதப்படுகின்றன. அந்த அடிப்படையின் முக்கியமான துண்டு 1949ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டமொன்றின் ஒரே ஒரு பிரிவில் இருக்கிறது. அயர்லாந்துக் குடியரசு மன்னரின் ஆட்சிப்பகுதி அல்ல. ஆனாலும் பிரிட்டனின் எந்தச் சட்டத்தின் பார்வையிலும் அது அயல்நாடும் அல்ல. அந்தப் பிரிவு சொல்வது இதுதான். அது இன்றும் நடைமுறையில் உள்ளது.

## முதலில் பெயர்கள்

'இங்கிலாந்துப் பிரதமர்' என்று எழுதுவது நம் செய்தித்தாள்களில் நெடுநாள் பழக்கம். அப்படி ஒரு பதவி கிடையாது. இந்தக் கட்டுரைக்கு வேண்டிய பெயர்கள் நான்கு.

1. கிரேட் பிரிட்டன் ஒரு தீவு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் அதில் அடக்கம்.

2. ஐக்கிய இராச்சியம் ஒரு நாடு. கிரேட் பிரிட்டனும் வட அயர்லாந்தும் சேர்ந்தது. பேச்சுவழக்கில் 'பிரிட்டன்' என்றால் இதைத்தான் குறிக்கிறோம், இங்கும் அப்படியே.

3. அயர்லாந்து என்பது தீவின் பெயர், அதில் பெரும்பகுதியை ஆளும் நாட்டின் பெயரும் அதுவே. தீவில் 32 கவுன்டிகள், அதாவது மாவட்டம் போன்ற பகுதிகள். அவற்றில் 26 குடியரசிலும் 6 வட அயர்லாந்திலும் உள்ளன.

4. மேன் தீவு, ஜெர்சி, குவெர்ன்சி ஆகியவை மன்னருக்கு உட்பட்டவை, ஆனால் ஐக்கிய இராச்சியத்தில் சேராதவை. தங்களுக்கென்று நாடாளுமன்றம் வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இவை ஒருபோதும் உறுப்பினராக இருந்ததில்லை.

வட அயர்லாந்தைப் பலர் 'அல்ஸ்டர்' என்றும் சொல்வார்கள். அது முழுச் சரியல்ல. அல்ஸ்டர் என்ற பழைய மாகாணத்தில் 9 கவுன்டிகள். அவற்றில் டோனகல், கவன், மொனகன் மூன்றும் குடியரசில் இருக்கின்றன. தீவின் வடகோடி முனையான மாலின் ஹெட் இந்த டோனகலில்தான் இருக்கிறது. அதாவது தீவின் ஆக வடக்கே உள்ள நிலம் 'தெற்கு' என்று அழைக்கப்படும் நாட்டுக்குச் சொந்தம். எல்லைக் கோடு புவியியலைப் பார்த்துப் போடப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

## சேர்ந்ததும் பிரிந்ததும்

வேல்ஸ் 16ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. ஸ்காட்லாந்து 1603இல் ஒரே மன்னரின் கீழும், 1707இல் ஒரே நாடாளுமன்றத்தின் கீழும் வந்தது. அயர்லாந்து இணைக்கப்பட்டது 1801 ஜனவரி 1 அன்று. டப்ளின் நாடாளுமன்றம் மூடப்பட்டு, ஐரிஷ் உறுப்பினர்கள் லண்டனுக்குப் போனார்கள். அடுத்த 121 ஆண்டுகள் தீவு முழுவதும் ஐக்கிய இராச்சியம்தான். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய இராபர்ட் கால்டுவெல் 1814இல் வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கவுன்டியில் ஸ்காட்டியப் பெற்றோருக்குப் பிறந்தவர். அவரை ஐரிஷ்காரர், ஸ்காட்டியர், பிரிட்டிஷ்காரர் என்று ஆளுக்கொன்றாகச் சொல்வதைப் பார்க்கலாம். அன்றைய நிலையில் மூன்றுமே பொருந்தும்.

ஒன்றாக இருந்த காலத்திலும் எல்லாம் ஒன்றாக இருக்கவில்லை. 1880 முதல் 1916 வரை அயர்லாந்துக்குச் சட்டப்படியான நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 25 நிமிடம் 21 விநாடி பின்தங்கியது. டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான எழுச்சி நடந்து ஒடுக்கப்பட்ட அதே 1916இல், அக்டோபர் மாதம், அந்தத் தனி நேரம் ரத்தானது.

1918 டிசம்பர் பொதுத்தேர்தல் உறவை முறித்துப் போட்டது. அயர்லாந்தின் 105 இடங்களில் 73ஐ, அயர்லாந்தின் விடுதலையைக் கோரிய சின் ஃபெயின் கட்சி வென்றது. வென்றவர்கள் லண்டனுக்குப் போக மறுத்து, டப்ளினில் தங்கள் சொந்த அவையைக் கூட்டினார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் யார் என்று கேட்டால் நான்சி ஆஸ்டர் என்ற பதில்தான் அடிக்கடி வரும். உண்மையில் அவர் இருக்கையில் அமர்ந்த முதல் பெண். தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் சின் ஃபெயினின் கான்ஸ்டன்ஸ் மார்க்கியெவிச். வெற்றிச் செய்தி வந்தபோது அவர் லண்டன் ஹாலோவே சிறையில் இருந்தார். மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கக் கூடாது என்ற கொள்கையால் அவரும் அவையில் அமரவில்லை. அந்தக் கட்சி இன்றுவரை அதே நிலைப்பாட்டில் இருக்கிறது. 2024 தேர்தலில் வென்ற 7 சின் ஃபெயின் உறுப்பினர்களும் அவைக்குள் காலடி வைக்கவில்லை.

அப்புறம் நடந்தவை வேகமானவை. 1920ஆம் ஆண்டுச் சட்டம் தீவை இரண்டாகப் பிரித்தது. 1921 மே மாதம் வட அயர்லாந்து உருவானது. விடுதலைப் போருக்குப் பின் 1921 டிசம்பர் 6 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. சரியாக ஓர் ஆண்டு கழித்து ஐரிஷ் சுதந்திர அரசு பிறந்தது. அதில் சேராமல் விலகிக்கொள்ளும் உரிமை வட அயர்லாந்துக்கு இருந்தது. மறுநாளே அது அந்த உரிமையைப் பயன்படுத்திக்கொண்டது.

## 1949: விலகியவரை அயலாராக்க மறுத்த சட்டம்

சுதந்திர அரசு காமன்வெல்த்துக்குள் இருந்த ஒரு டொமினியன், அதாவது மன்னரைத் தலைவராக ஏற்றுத் தன்னாட்சி நடத்தும் நாடு. 1937இல் அது தனக்குப் புதிய அரசியலமைப்பை எழுதிக்கொண்டது. (நம் அரசியலமைப்பின் வழிகாட்டு நெறிகளுக்கு முன்மாதிரி அதுதான்.) இருந்தாலும் மன்னருடனான கடைசி இழை வெளியுறவு விவகாரத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது. 1948 செப்டம்பரில் கனடாவுக்குப் போயிருந்த பிரதமர் ஜான் கொஸ்டெல்லோ, ஒட்டாவா நகரில் செய்தியாளர்களிடம் அந்த இழையையும் அறுக்கப் போவதாகச் சொன்னார். லண்டனுக்கு அது அதிர்ச்சி.

பிரதமர் கிளமென்ட் அட்லியின் அரசு முதலில் மிரட்டிப் பார்த்தது. காமன்வெல்த்தை விட்டுப் போனால் அயர்லாந்து அயல்நாடுதான். அதன் குடிமக்கள் அயலார். வர்த்தகச் சலுகையும் போய்விடும் என்றது. சில வாரங்களில் அந்த நிலையிலிருந்து இறங்கி வந்தது. மூன்று காரணங்கள்:

1. உழைப்பு. போரால் சிதைந்த பிரிட்டனைக் கட்டியெழுப்ப ஆள் வேண்டியிருந்தது. 1948 ஜூலையில் தொடங்கிய தேசிய மருத்துவ சேவைக்குச் செவிலியர், கட்டுமானத்துக்குத் தொழிலாளர் என்று அயர்லாந்திலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை வெளிநாட்டவராகப் பதிவுசெய்து கட்டுப்படுத்துவது பிரிட்டன் தனக்கே செய்துகொள்ளும் தீங்கு.

2. எல்லை. தீவுக்குள் ஓடும் நிலவெல்லையைக் காவல் காக்க வழியில்லை. அதற்குப் பதில் கடலில் சோதனை வைத்தால், வட அயர்லாந்தின் பிரிட்டிஷ் குடிமக்களையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். போர்க்காலத்தில் அப்படித்தான் நடந்தது. வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்டிலிருந்து கப்பலேறுபவரும் அனுமதிச் சீட்டு காட்ட வேண்டியிருந்தது. போர் முடிந்தும் 1952 வரை அது தொடர்ந்தது. பெல்ஃபாஸ்ட் அரசியல்வாதிகள் கொதித்தார்கள்.

3. மற்ற நாடுகள். கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றிலும் ஐரிஷ் வம்சாவளியினர் பெருந்தொகை. அயர்லாந்தை அயல்நாடாக்க வேண்டாம் என்று அந்த அரசுகள் லண்டனிடம் வலியுறுத்தின.

1949 ஏப்ரல் 18 அன்று, ஈஸ்டர் திங்கட்கிழமை, அயர்லாந்து குடியரசானது. காமன்வெல்த்தை விட்டும் வெளியேறியது. பிரிட்டன் தன் பங்குக்கு அயர்லாந்துச் சட்டத்தை இயற்றி, அயல்நாடு அல்ல என்ற பிரிவை அதில் வைத்தது. அதே சட்டம் இன்னொன்றையும் செய்தது: வட அயர்லாந்து நாடாளுமன்றம் சம்மதிக்காமல் அந்தப் பகுதி ஐக்கிய இராச்சியத்தை விட்டுப் போகாது என்று உறுதி கொடுத்தது. டப்ளினுக்கு முதலாவது இனித்தது, இரண்டாவது கசந்தது.

அந்த ஏப்ரல் மாதக் கடைசியில்தான் லண்டன் பிரகடனம் வந்தது. மன்னரைத் தன் நாட்டுத் தலைவராக ஏற்காத குடியரசும் காமன்வெல்த்தில் இருக்கலாம் என்று இந்தியாவுக்காக விதி மாற்றப்பட்டது. குடியரசாவதற்காக அயர்லாந்து வெளியேறிச் சில நாள்களே ஆகியிருந்தன. குடியரசாக இருந்துகொண்டே உள்ளே இருக்க இந்தியாவுக்கு வழி திறந்துவிட்டது.

## கையில் கிடைக்கும் உரிமைகள்

இந்த ஏற்பாட்டின் நடைமுறைப் பெயர் பொதுப் பயண மண்டலம். பிரிட்டன், அயர்லாந்து, மேன் தீவு, கால்வாய்த் தீவுகள் (ஜெர்சி, குவெர்ன்சி) எல்லாம் அதில் சேரும். இதன் வேர் 1920களின் தொடக்கத்தில் இருநாட்டு அதிகாரிகளிடையே ஏற்பட்ட எளிய புரிந்துணர்வு. பல பத்தாண்டுகள் அது ஒப்பந்தம் எதுவும் இல்லாமலே ஓடியது. 2019 மே மாதத்தில்தான் இரு அரசுகளும் உட்கார்ந்து ஒரு புரிந்துணர்வு ஆவணத்தில் அதை எழுதிவைத்தன. ஐரோப்பிய நாடுகளுக்கிடையே பாஸ்போர்ட் சோதனையின்றிப் பயணிக்க உதவும் ஷெங்கன் மண்டலத்தில் அயர்லாந்து சேராமல் இருப்பதற்கும் காரணம் இதுதான். அங்கே சேர்ந்தால் வட அயர்லாந்துடனான நிலவெல்லையில் பாஸ்போர்ட் சோதனை வைக்க வேண்டும்.

யாருக்கு என்ன கிடைக்கிறது?

1. ஐரிஷ் குடிமக்கள் பிரிட்டனில்: வசிக்கலாம், வேலை பார்க்கலாம், படிக்கலாம், அரசு மருத்துவமும் நலத்திட்டங்களும் பெறலாம், எல்லாத் தேர்தல்களிலும் வாக்களிக்கலாம். பிரெக்சிட் வாக்கெடுப்பில்கூட அவர்கள் வாக்களித்தார்கள். பிரிட்டனில் வாழ்ந்த பிரெஞ்சு, ஜெர்மன் குடிமக்களுக்கு அந்த உரிமை இல்லை.

2. பிரிட்டிஷ் குடிமக்கள் அயர்லாந்தில்: ஏறக்குறைய அதே உரிமைகள். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை 1984இல் அரசியலமைப்பைத் திருத்திய பிறகே வந்தது. குடியரசுத் தலைவர் தேர்தலும் வாக்கெடுப்புகளும் இன்றும் ஐரிஷ் குடிமக்களுக்கு மட்டும்.

3. நாம்: பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கை, மலேசியக் குடிமக்கள் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். மாணவர் விசாவில் இருப்பவருக்கும் இது பொருந்தும். நம்மவர்களில் பலர் இதைத் தெரியாமலே படிப்பை முடித்துத் திரும்பிவிடுகிறார்கள். அயர்லாந்தில் எந்த நாட்டவராக இருந்தாலும் அங்கே வசித்தால் உள்ளாட்சித் தேர்தலில் வாக்குண்டு.

இங்கே கசப்பான ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியர், பாகிஸ்தானியர், மேற்கிந்தியர் எல்லோரும் தடையின்றி பிரிட்டனுக்குள் வரலாம். 1962இல் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் அந்தக் கதவைச் சாத்தியது. காமன்வெல்த்தை விட்டே வெளியேறிவிட்ட அயர்லாந்தின் மக்களுக்கு மட்டும் நடைமுறையில் எந்தத் தடையும் வைக்கப்படவில்லை. நிலவெல்லையைக் கண்காணிக்க முடியாது என்பது அரசு சொன்ன காரணம். அது பொய்யல்ல. ஆனால் நிறத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று அப்போதே எதிர்க்கட்சியினர் நாடாளுமன்றத்தில் கடுமையாகக் குற்றம்சாட்டினார்கள். உள்ளே இருந்தவர் வெளியாளாகவும் வெளியே போனவர் வீட்டாளாகவும் ஆன இந்த முடிவு நியாயமானது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

### விசாவில் சிக்கும் இடம்

பெல்ஃபாஸ்டிலிருந்து டப்ளினுக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. வழியில் குடிவரவுச் சாவடி கிடையாது. அதைப் பார்த்துவிட்டு, பிரிட்டிஷ் விசா இருந்தால் போதும் என்று நினைத்து ஏறிவிடும் நம் மாணவர்கள் உண்டு. எல்லையில் சோதனை இல்லை என்பது வேறு, அனுமதி உண்டு என்பது வேறு. பொதுப் பயண மண்டலத்தின் சுதந்திரம் பிரிட்டிஷ், ஐரிஷ் குடிமக்களுக்கானது. இந்தியருக்கும் சீனருக்கும் மட்டும் பிரிட்டிஷ்–ஐரிஷ் விசாத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குரிய குறிப்பு உள்ள குறுகியகால வருகை விசா இருந்தால் ஒரே விசாவில் இரு நாடுகளுக்கும் போய்வரலாம். முதலில் விசா கொடுத்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். மாணவர் விசா, வேலை விசா வைத்திருப்பவருக்கும், இலங்கைக் குடிமக்களுக்கும் இந்தத் திட்டம் பொருந்தாது. அவர்கள் ஐரிஷ் விசாவைத் தனியே வாங்கத்தான் வேண்டும். சாலையில் திடீர்ச் சோதனை நடப்பதுண்டு. பிடிபட்டால் திருப்பி அனுப்பப்படுவதோடு, பின்னாளைய விசா விண்ணப்பங்களிலும் அது நிற்கும்.

## கோடு ஓடும் வழி

எல்லையின் நீளம் ஏறத்தாழ 500 கிலோமீட்டர். அதைக் கடக்கும் பொதுச் சாலைகள் 200க்கும் மேல். இத்தனை சாலைகள் ஏன்? இந்தக் கோடு நாட்டெல்லையாக நினைத்து வரையப்பட்டதே இல்லை. அது வெறும் கவுன்டி எல்லை. நிலவரி, நிர்வாகம் ஆகியவற்றுக்காகப் பல நூற்றாண்டுகளுக்கு முன் போடப்பட்டது. வயல், ஓடை, தோட்டம் வழியாக வளைந்து வளைந்து போகிறது. ஆறு கவுன்டிகளைப் பிரித்தபோது அந்தக் கோடே அப்படியே நாட்டெல்லையாகிவிட்டது.

மொனகன் கவுன்டியின் குளோன்ஸ் ஊரிலிருந்து கவன் நகரை நோக்கிப் புறப்படுங்கள். இரண்டும் குடியரசில்தான் இருக்கின்றன. இருந்தும் ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்குள் அந்தச் சாலை நான்கு முறை எல்லையைக் கடக்கிறது. தெற்கில் அதன் எண் என்54, வடக்கில் ஏ3. மாறி மாறி வரும். வலப்பக்கமும் இடப்பக்கமும் அதே பசும்புல் மேடுகள், அதே வேலி. நாடு மாறியதைச் சொல்பவை சின்னச் சின்ன அடையாளங்கள். தெற்கே சாலையோரக் கோடு மஞ்சள், வடக்கே வெள்ளை. தெற்கே வேகப் பலகை கிலோமீட்டரில், வடக்கே மைலில். பக்கத்திலேயே டிரமுல்லி என்றொரு துண்டு நிலம் உண்டு. அது மொனகனைச் சேர்ந்தது. ஆனால் வடக்கின் ஃபெர்மானா கவுன்டி வழியாகப் போகாமல் அங்கே சாலையில் போய்ச்சேர முடியாது. பெட்டிகோ என்ற சிற்றூரை டெர்மன் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் அயர்லாந்து, அந்தப் பக்கம் பிரிட்டன்.

இதைச் சரிசெய்ய 1924இல் எல்லை ஆணையம் அமைந்தது. மக்கள் விருப்பத்தைப் பார்த்து வடக்கின் பெரிய பகுதிகளைத் தெற்குக்குக் கொடுப்பார்கள் என்று டப்ளின் நம்பியிருந்தது. 1925 நவம்பரில் ஆணையத்தின் முடிவு லண்டன் பத்திரிகையொன்றில் கசிந்தது. மாற்றங்கள் மிகச் சிறியவை. கிழக்கு டோனகலின் ஒரு பகுதியை வடக்குக்குத் தர வேண்டும் என்றும் அதில் இருந்தது. பெரும் புயல் கிளம்பியது. மூன்று அரசுகளும் அவசரமாகக் கூடி, இருந்த கோடே இருக்கட்டும் என்று முடித்துக்கொண்டன. அறிக்கை 1969 வரை வெளியிடப்படவில்லை.

கோட்டில் வாழ்ந்தவர்களுக்கு அதற்கு முன்பே சுமை ஏறிவிட்டது. 1923 ஏப்ரல் 1 முதல் சுங்கச் சோதனை. சரக்கு ஏற்றிய வண்டி, அனுமதிக்கப்பட்ட சில சாலைகளில் மட்டும், குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் போகலாம். கடத்தல் ஊர்த்தொழிலானது. வெண்ணெயும் மாடும் இரவில் எல்லை தாண்டின. 1970களில், வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா அயர்லாந்தோடு சேர்வதா என்ற ஆயுத மோதல் முற்றியபோது, பிரிட்டிஷ் இராணுவம் சிறு சாலைகளில் வெடிவைத்துப் பள்ளம் பறித்தும் கான்கிரீட் கட்டைகள் போட்டும் அடைத்தது. ஊர்க்காரர்கள் கூடிப் பள்ளத்தை மூடுவார்கள், இராணுவம் மறுபடி தோண்டும். எதிரே தெரியும் சொந்த வயலுக்குப் பல மைல் சுற்றிப் போக வேண்டியிருந்தது. சுமார் 3,500 உயிர்களைப் பறித்த அந்த முப்பதாண்டுக் காலத்தில் இந்த எல்லைப்புறம் மிகக் கொடிய இடங்களில் ஒன்று. சுங்கச் சோதனை 1993இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையால் மறைந்தது. காவல் கோபுரங்கள் 1998 உடன்படிக்கைக்குப் பிறகு ஒவ்வொன்றாக இறங்கின.

## பெரிய வெள்ளியும் பிரெக்சிட்டும்

ஆயுத மோதலை முடிக்க 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான பெரிய வெள்ளி உடன்படிக்கையை மே 22 அன்று இரு பக்க மக்களும் வாக்களித்து ஏற்றார்கள்: வடக்கில் 71 சதவீதம், தெற்கில் 94 சதவீதம். அதில் நம் பேச்சுக்கு வேண்டியது ஒரு பிரிவு. வட அயர்லாந்து மக்கள் தங்களை ஐரிஷ் என்றோ, பிரிட்டிஷ் என்றோ, இரண்டும் என்றோ கருதிக்கொள்ளலாம், இரண்டு குடியுரிமைகளையும் வைத்திருக்கலாம். உடன்படிக்கையின் கணக்கில் 'வட அயர்லாந்து மக்கள்' என்றால் அங்கே பிறந்தவர்கள் எல்லோரும் அல்லர். பிறக்கும்போது பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் அல்லது ஐரிஷ் குடிமகனாகவோ, தடையின்றி அங்கே வசிக்கும் உரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். தீவில் எங்கே பிறந்தாலும் ஐரிஷ் குடியுரிமை என்ற பழைய விதியை 2004 வாக்கெடுப்பு மாற்றிவிட்டது. அதனால் பெல்ஃபாஸ்டில் படிக்கும் இந்தியத் தம்பதிக்குப் பிறக்கும் குழந்தை தானாக ஐரிஷ் குடிமகன் ஆகிவிடாது.

சரி, இந்த ஏற்பாட்டில் பிரெக்சிட் எங்கே இடித்தது? பொதுப் பயண மண்டலம் ஆட்களுக்கானது. சரக்குக்கு அதில் இடமில்லை. சரக்கு எல்லையைத் தாண்டச் சோதனையின்றி இருந்ததற்கு ஒரே காரணம் இரு நாடுகளும் ஒரே ஐரோப்பியச் சந்தையில் இருந்ததுதான். 2016இல் பிரிட்டன் வெளியேற வாக்களித்தபோது (வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேர் வெளியேற வேண்டாம் என்றார்கள்) மூன்று விருப்பங்கள் முட்டிக்கொண்டன:

1. பிரிட்டன் முழுவதுமாக ஐரோப்பியச் சந்தையை விட்டு வெளியேற வேண்டும்.
2. தீவுக்குள் சோதனைச் சாவடி வரக் கூடாது.
3. வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் மற்றப் பகுதிக்கும் நடுவே எந்தச் சோதனையும் கூடாது.

இவற்றில் ஏதேனும் இரண்டைத்தான் வைத்துக்கொள்ள முடியும். லண்டன் மூன்றாவதை விட்டுக்கொடுத்தது. 2021 முதல் வட அயர்லாந்து சரக்கு விஷயத்தில் ஐரோப்பிய விதிகளைப் பின்பற்றுகிறது. லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் போகும் சரக்குக்குத் துறைமுகத்தில் ஆவணம் வேண்டும். இதைத்தான் ஐரிஷ் கடல் எல்லை என்கிறார்கள். 2023 பிப்ரவரியில் வந்த வின்ட்சர் கட்டமைப்பு இதை இளக்கியது: வட அயர்லாந்திலேயே விற்பனையாகும் சரக்குக்குப் பச்சை வழி, தெற்கே போகக்கூடிய சரக்குக்குச் சிவப்பு வழி. பெல்ஃபாஸ்ட் கடைகளில் பாலிலும் இறைச்சியிலும் 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்ற முத்திரையைப் பார்க்கலாம்.

பிரிட்டனோடு ஒன்றாயிருக்க விரும்பும் ஒன்றியவாதிகளுக்கு இது அவமதிப்பாகப் பட்டது. தங்கள் நாட்டுக்குள்ளேயே தங்களுக்கு ஒரு சுங்கக் கோடு என்ற அவர்களின் குமுறலை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. போர்க்காலச் சோதனையின்போது அவர்களின் தாத்தாக்கள் எழுப்பிய கேள்வியேதான் இது. அவர்களின் முதன்மைக் கட்சி வெளிநடப்புச் செய்ததால் 2022 பிப்ரவரி முதல் 2024 பிப்ரவரி வரை வட அயர்லாந்துக்கு முழுமையாக இயங்கும் அரசு இல்லை. திரும்ப அமைந்தபோது முதலமைச்சரானவர் சின் ஃபெயினின் மிஷெல் ஓ'நீல். ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பும் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை.

## பிரியாமல் நின்றவை

அரசியல் பிரிந்தபோது எல்லாமே உடன் பிரியவில்லை. ரக்பிக்கு இன்றும் தீவு முழுவதற்கும் ஒரே அணி. வெளிநாட்டு ஆட்டங்களில் எந்த நாட்டு கீதமும் பாடாமல், 1995 உலகக் கோப்பைக்காக எழுதி வாங்கிய பொதுப்பாடலைப் பாடுகிறார்கள். கிரிக்கெட்டும் அப்படித்தான். 2011 உலகக் கோப்பையில் பெங்களூரில் 328 ரன் இலக்கைத் துரத்தி இங்கிலாந்தை வீழ்த்தியதே, கெவின் ஓ'பிரையன் 50 பந்தில் சதமடித்த அந்த ஆட்டம், அந்த அணியில் வடக்கும் தெற்கும் கலந்தே இருந்தன. டப்ளினில் பிறந்து அயர்லாந்துக்காக ஆடிய ஓயின் மார்கன்தான் 2019இல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பையை வாங்கிக்கொடுத்த தலைவர். கால்பந்து மட்டும் 1921இல் உடைந்தது. உடைந்த பிறகும் இரண்டு அணிகளும் தங்களை அயர்லாந்து என்றே சொல்லிக்கொண்டன. 1950 வரை இரண்டுக்கும் ஆடிய வீரர்கள் இருந்தார்கள்.

கத்தோலிக்கருக்கும், ஆங்கிலிக்கன் பிரிவான அயர்லாந்துத் திருச்சபைக்கும் அனைத்து அயர்லாந்துக்குமான தலைமைப் பேராயர் பீடம் அர்மா நகரில் இருக்கிறது. அது வட அயர்லாந்தில் உள்ளது. அங்கே இரு பேராலயங்களும் தூய பேட்ரிக் பெயரில் நிற்கின்றன. (அயர்லாந்தின் அந்தப் புனிதரே ரோமானிய பிரிட்டனில் பிறந்து, அடிமையாகக் கடத்திவரப்பட்டவர்.) மின்சார மொத்தச் சந்தை 2007 முதல் தீவு முழுவதற்கும் ஒன்று. டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குத் தொலைபேச நாட்டுக் குறியீடு தேவையில்லை, 048 போதும்.

டப்ளின் தெருக்களில் பழைய பச்சை வண்ண அஞ்சல் பெட்டிகள் சிலவற்றை உற்றுப் பார்த்தால், வண்ணத்துக்கு அடியில் விக்டோரியா அரசியின் எழுத்துச் சின்னம் புடைத்து நிற்பது தெரியும். 1922இல் புதிய அரசிடம் பெட்டிகளை மாற்றப் பணமும் இல்லை, நேரமும் இல்லை. சிவப்பின் மேல் பச்சை பூசிவிட்டார்கள். வார்ப்பிரும்பில் கிரீடம் அப்படியே இருக்கிறது.

## ஒன்று சேர்ந்தால்?

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம், புராட்டஸ்டன்டுப் பின்னணி உள்ளவர்கள் 43.5 சதவீதம். பெரும்பாலும் பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டன்டுகளின் பெரும்பான்மையை உறுதிசெய்யத்தான் ஆறு கவுன்டிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அந்தக் கணக்கு ஒரு நூற்றாண்டில் புரண்டுவிட்டது. ஆனால் மதப் பின்னணியை வைத்து ஓட்டை ஊகிப்பது தவறு. இரண்டு பக்கமும் சாராதவர்களாகத் தங்களைக் கருதுபவர்கள் அங்கே பெரிய பிரிவினர், முடிவு அவர்கள் கையில் இருக்கும்.

வாக்கெடுப்பு வர வழி இப்படி:

1. ஒன்றிணைப்புக்குப் பெரும்பான்மை கிடைக்கக்கூடும் என்று வட அயர்லாந்துக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்குத் தோன்றினால் அவர் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். எதை வைத்து அவர் அப்படி முடிவுசெய்வது என்று சட்டம் சொல்லவில்லை.
2. ஒருமுறை நடத்தினால் அடுத்ததற்குக் குறைந்தது 7 ஆண்டுகள் ஆக வேண்டும்.
3. வடக்கு சம்மதித்தாலும் போதாது, தெற்கின் ஒப்புதலும் வேண்டும்.

ஒன்றிணைந்த பிறகு பெல்ஃபாஸ்டின் பிரிட்டிஷ் குடிமக்கள் என்ன ஆவார்கள்? இரட்டைக் குடியுரிமைக்கான உரிமை வட அயர்லாந்தின் நிலை மாறினாலும் மாறாது என்று பெரிய வெள்ளி உடன்படிக்கை வெளிப்படையாகவே சொல்கிறது. எல்லை மறைந்து, தீவு முழுவதும் டப்ளின் ஆட்சிக்குள் வந்தாலும் அவர்கள் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைக் கீழே வைக்க வேண்டியதில்லை. எத்தனை தலைமுறைக்கு என்பதற்கு அந்தப் பிரிவில் வரம்பு எதுவும் எழுதப்படவில்லை.